தாட்டி உட்டாச்சுங்க

வியாழக்கிழமை காலை ஒன்பது ஐம்பதுக்கு, சங்ககிரிப் பேருந்து நிலையத்தில் ஒரு கையில் தேநீரும் மறு கையில் தொலைபேசியுமாக நின்றபோது எல்லாம் பிசகத் தொடங்கியது. தேநீர்க் கடையின் மணிக்கூடு என் முகத்துக்கு நேரே தொங்கியதால் அந்த நேரம் மனதில் அப்படியே நின்றுவிட்டது.

அதுவரை நடந்தவை சின்னச் சின்ன எரிச்சல்கள்தாம். யாழ்ப்பாணத்திலிருந்து கொண்டுவந்த சார்ஜரின் சதுரக் கால்கள் இந்த நாட்டுச் சுவர்த் துளைகளுக்குள் நுழைய மறுத்தன. முதல்நாள் இரவு சேலத்தில், எங்கள் பங்குச் சாமியாருக்குத் தெரிந்த ரெஜினா என்பவரின் வீட்டில் தங்கினேன். அவருடைய கணவர் லேத் பட்டறை வைத்திருப்பவர். அந்தக் கால்களை அரத்தால் ராவி மெலிதாக்கித் தருகிறேன் என்று உண்மையாகவே எழும்பினார். "வேண்டாம் அண்ணை, விடிஞ்சால் மகளிட்டைப் போயிடுவன், அவளிட்டைச் சார்ஜர் இருக்கும்" என்று தடுத்துவிட்டேன். அவர் அன்று அரத்தை எடுத்திருந்தால் இதை எழுத வேண்டி வந்திருக்காது.

என் மகள் தர்சிகா சங்ககிரிக்குப் பக்கத்தில் உள்ள ஒரு தனியார் மருத்துவக் கல்லூரியில் படித்து முடித்து, அங்கேயே பயிற்சி மருத்துவராக இருக்கிறாள். நோர்வேயில் இருக்கும் என் அண்ணாவின் தயவில் நடந்த படிப்பு. கல்லூரியின் பெயர் வேண்டாம். சுற்றியுள்ள ஊர்களில் "காலேஜ் ஆஸ்பத்திரி" என்றாலே எல்லோருக்கும் தெரிகிறது. இத்தனை வருடமும் விடுமுறைக்கு அவள்தான் கரவெட்டிக்கு வந்து போனாள். நான் வருவது இதுவே முதல் தடவை. சனிக்கிழமை வருவதாகச் சொல்லியிருந்தேன். வியாழக்கிழமையே போய் வாசலில் நின்று அவளைத் திகைக்க வைக்கலாம் என்று ஓர் எண்ணம். நான் பள்ளிக்கூடத்தில் புவியியல் படிப்பிக்கிறவள். இந்த மாதிரி விளையாட்டெல்லாம் எனக்குப் பழக்கமில்லை.

சங்ககிரியில் இறங்கியதும் மனம் கேட்கவில்லை. கையிலிருந்த தொலைபேசியில் கொஞ்சம் உயிர் இருந்தது. அவளுக்கு எடுத்தேன். நடுத்தர வயதுப் பெண் குரல் ஒன்று எடுத்தது.

"அலோ, ஆருங்க?"

"தர்சிகா இல்லையோ? நான் அவளின்ரை அம்மா."

"பாப்பாவோட அம்மாங்களா! பாப்பா இல்லீங்களே. வெடியாலயே பொட்டி கட்டி, வண்டில ஏத்தித் தாட்டி உட்டாச்சுங்களே!"

அவ்வளவுதான். இணைப்பு அறுந்துவிட்டது.

இந்தப் பக்கத்து வாசகருக்கு அந்த வாக்கியத்தில் ஒன்றுமே இல்லை. எங்கள் பக்கத்தில் வெடி என்றால் துப்பாக்கிச் சூடு. வெடியால செத்தவர்கள் இல்லாத ஒரு தெருவோ ஒழுங்கையோ எங்கள் ஊரில் இல்லை. பெட்டி என்றால் என்ன பெட்டி என்று அந்த நேரத்தில் யாரும் விளக்க வேண்டியதில்லை. தாட்டாச்சு என்றால் புதைத்தாயிற்று. நாங்கள் கத்தோலிக்கர், எரிப்பதில்லை. ஊர்ச் சேமக்காலையில் குழி வெட்டித்தான் தாட்பது. ஆக, அந்தக் குரல் எனக்குச் சொன்னது இதுதான்: சூட்டுக் காயத்தால் போன பிள்ளையைப் பெட்டியில் வைத்து, வண்டியில் ஏற்றிக்கொண்டுபோய்ப் புதைத்துவிட்டார்கள். அதையும் கலகலப்பாகச் சொன்னது.

ஒரு மருத்துவக் கல்லூரிக்குள் யார் வந்து பிள்ளையைச் சுடப்போகிறார்கள், தாயைக் கேட்காமல் யார் அடக்கம் செய்யப்போகிறார்கள் என்று யோசித்திருக்கலாமே என்று பிறகு பலரும் கேட்டார்கள். கேட்பவர்கள் சரிதான். அந்த நேரத்தில் என்னிடம் யோசிக்கிற பகுதி இல்லை.

திரும்ப எடுத்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எவரும் எடுக்கவில்லை. கல்லூரியின் எண்ணுக்கு எடுத்தேன். சேர்க்கைக்கு ஒன்றை அழுத்தவும் என்று பதிவு செய்த குரல் ஒன்று தேனொழுகச் சொன்னது. எதை அழுத்தினாலும் அதே குரல் முதலிலிருந்து தொடங்கியது. அதோடு என் தொலைபேசியும் அணைந்தது. அது அணையாவிட்டாலும் கணவருக்கு எடுத்திருக்க மாட்டேன். அந்த நேரத்தில் அவர் கத்தரிக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டிருப்பார். அந்தச் சொல்லை நான் எப்படி என் வாயால் அவரிடம் சொல்வது?

"ஏனுங்க, டீ ஆறுதுங்க" என்றார் கடைக்காரர்.

காலேஜ் ஆஸ்பத்திரிக்கு எப்படிப் போவது என்று கேட்டேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. அவர் இரண்டு தடவை கேட்டுவிட்டு எதிர்ப்பக்கம் கை காட்டினார்.

"அதா, வெள்ள பஸ்சு. அது ஆஸ்பத்திரி பஸ்சேதானுங்க. டிக்கெட்டுக் கெடையாது, ஏறி உக்காருங்க."

ஏறி உட்கார்ந்தேன். பின்னாலேயே அவர் மூச்சு வாங்க ஓடிவந்து என் பயணப் பையைச் சன்னல் வழியாகத் திணித்தார். "பேக்க உட்டுப்போட்டுப் போறீங்களே சாமி!" எங்கள் ஊரில் சாமி என்றால் கோவிலில் இருப்பவர். என்னை யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை.

அந்தப் பேருந்து கல்லூரி மருத்துவமனையுடையது. தினமும் ஊர் ஊராகச் சுற்றி நோயாளிகளை ஏற்றிப்போய், பின்னேரம் திரும்பக் கொண்டுவந்து விடுமாம். அதற்கு அவசரமே கிடையாது. யாராவது தூரத்தில் வரப்பில் கை காட்டினால் நின்று, அவர் வந்து ஏறும் வரை காத்திருந்தது. சன்னலுக்கு வெளியே லாரிகள், லாரிகளுக்குப் பாய் தைக்கும் கடைகள், ஆழ்துளைக் கிணறு தோண்டும் பெரிய வண்டிகள். எங்கள் ஊரில் கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தால் முகம் தெரியும். இங்கே தண்ணீருக்கு மண்ணின் அடிவயிறு வரை துளைக்க வேண்டியிருக்கிறது. நீளநீளமான கோழிக் கொட்டகைகள். குச்சிக்கிழங்குக் காடுகள், நாங்கள் மரவள்ளி என்பது. இவற்றையெல்லாம் நான் பார்த்தேன் என்பது இப்போது எழுதும்போதுதான் தெரிகிறது. அப்போது, என் பிள்ளையை எந்த மண்ணில் வைத்திருப்பார்கள், இந்தச் செம்மண்ணிலா என்றுதான் பார்த்துக்கொண்டு போனேன்.

ஓரிடத்தில் தவிட்டு நிற ஆடுகள் வீதியை அடைத்துக்கொண்டு நின்றன. ஓட்டுநர் இறங்கிப்போய் மேய்ப்பவரைத் திட்டினார். "மேச்சேரி ஆடுங்க, தள்ளுனா நவுராது, அதா மனசு வெச்சாத்தான் நவுரும்" என்று மேய்ப்பவர் பெருமையாகப் பதில் சொன்னார். பேருந்து சிரித்தது. நான் அழத் தொடங்கினேன்.

பக்கத்தில் இருந்த பெண் என் பக்கம் திரும்பினார். அறுபது வயதிருக்கும். பெயர் பாவாயி என்று பிறகு தெரிந்தது. அவருக்கு அந்தப் பக்கம், கண்ணில் பூ விழுந்த கணவர், மடியில் தூக்குச் சட்டியுடன்.

"ஏனுங்கம்மா, ஒடம்புக்கு என்ன பண்ணுது?"

"உடம்புக்கு ஒண்டுமில்லை. என்ரை பிள்ளையைத் தாட்டுப்போட்டினமாம்."

அவருக்கு என் பேச்சில் ஒரு சொல்தான் பிடிபட்டது.

"தாட்டி உட்டுட்டாங்களா? எங்கீங்க?"

"தெரியாது அம்மா."

"தெரியாதா! பெத்தவகிட்ட ஒரு வார்த்த சொல்லாமயா தாட்டி உட்டாங்க?"

"சொல்லேல்லை."

"இதென்னுங்க அநியாயம்! ஏனுங் மாமா, கேட்டீங்களா இத?" என்று கணவரின் தொடையில் தட்டினார்.

"கண்ணுதான் தெரியாது, காது கேக்குது" என்றார் அவர். "தாட்டி உட்டது உட்டாங்க, தொணைக்கு ஆராச்சும் போனாங்களான்னு கேளு."

நான் அவரைப் பார்த்தேன். துணைக்கா?

"அதான கேக்கறேன்" என்றார் பாவாயி. "பொம்பளப் புள்ளையத் தனியாவா தாட்டி உடுவாங்க? எங்க மருமவள முந்தாநேத்துத்தான் தாட்டி உட்டோம். எம்மவனே கூடப் போயி உட்டுட்டு வந்தான்."

"உங்கடை மருமகளையோ? ஐயோ, என்ன நடந்தது?"

"என்ன நடக்கறது, ஆடி பொறந்துருச்சில்லீங்க! கண்ணாலமாயி மூணு மாசம். புதுப் பொண்ண ஆடிக்கு அம்மா ஊட்டுக்குத் தாட்டி உடோணுமில்ல?"

"பிறகு?"

"பொறவு என்ன, ஆடி முடிஞ்சா வந்துரும்."

"வருவாவோ?"

"வராம! சந்தகை புழிய எனக்கு ஆள் வேண்டாமா?"

"வராட்டி இவளே போயித் தலமுடியப் புடிச்சு இழுத்துட்டு வந்துருவா" என்றார் கணவர்.

வகுப்பில் கடைசி வாங்கில் இருக்கும் பிள்ளை கேட்பதைப் போலக் கேட்டேன்.

"அம்மா, தாட்டி விடுறது எண்டால் என்ன?"

"அனுப்பி வெக்கறதுங்க."

"வெடியால?"

"வெடியால... காத்தாலைங்க. விடியறப்ப."

"பொட்டி?"

"துணிமணி வெக்கற பொட்டி. உங்கூர்ல பொட்டி இல்லீங்களா?"

எங்கள் ஊரில் அந்தச் சொற்களுக்கு என்ன பொருள் என்று நான் ஒவ்வொன்றாகச் சொன்னேன். முன் இருக்கையில் இருந்தவர்களும் திரும்பிக் கேட்டார்கள். முதலில் சிரித்தவர்கள், மூன்றாவது சொல்லுக்கு வந்ததும் நிறுத்திவிட்டார்கள். பாவாயி என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். "அய்யோ சாமி, அய்யோ சாமி" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். பின்னாலிருந்து ஒரு பெண் மட்டும், "இனி எங்கூட்டுக்காரர எங்கியாச்சும் தாட்டி உடறதுன்னா, எந்தூருத் தமிழ்லன்னு கேட்டுப்போட்டுத்தான் உடோணும்" என்றார். மறுபடி சிரிப்பு. நானும் சிரித்ததாக நினைக்கிறேன்.

நிம்மதி வந்திருக்க வேண்டும். வரவில்லை. பிள்ளையைப் புதைக்கவில்லை, அனுப்பியிருக்கிறார்கள் என்று பேருந்தில் கூட வந்த ஒருவர் சொல்கிறார். எங்கே, ஏன், யாரோடு?

மருத்துவமனை வயல்களுக்கு நடுவே, பக்கத்தில் வேறு கட்டடமே இல்லாமல், ஒரு கப்பலைப் போல நின்றது. பேருந்தில் இருந்து இறங்கியவர்கள் எல்லோரும் ஒரே கதவு வழியாகத்தான் உள்ளே போக வேண்டும். அந்தக் கதவுக்குள் போனவர்கள் எல்லோரும் நோயாளிகள். நான் அப்படியில்லை என்று சொல்லிப் பார்த்தேன்.

"எல்லாரும் அப்பிடித்தாங்க சொல்லுவாங்க" என்றார் சீட்டுப் பதிகிற பெண். "பேரு?" சொன்னேன். "எந்தூருங்க?"

"யாழ்ப்பாணம்."

"எந்தத் தாலுக்கா?"

நான் அவரைப் பார்த்தேன், அவர் என்னைப் பார்த்தார். "நம்ம பஸ் ரூட்ல வருதுங்களா அது?" என்று சந்தேகத்தோடு கேட்டார். கடைசியில் சங்ககிரி என்று பதிந்துகொண்டார்.

அடுத்த மேசையில் கையில் பட்டியைச் சுற்றி இரத்த அழுத்தம் பார்த்தார்கள். பார்த்த இளம் மருத்துவர் இன்னொரு தடவை பார்த்தார். பிறகு வேறு கருவியால் பார்த்தார். அவருடைய முகத்தைப் பார்த்தே நான் என் கதையைச் சொல்லிவிட்டேன்.

"தர்சிகாவா? சிலோன் தர்சிகா!" அந்தப் பிள்ளையின் பெயர் கௌசல்யா, என் மகளின் வகுப்பாம். "ஆன்ட்டி, அவ ரூரல் போஸ்டிங் போயிருக்கா. ஜேடர்பாளையம் பக்கம் ஒரு கிராமத்துல நம்ம காலேஜோட சென்டர் இருக்கு. திங்கக்கிழம போறதா இருந்துச்சு, திடீர்னு இன்னிக்கே போகச் சொல்லிட்டாங்க. அவசரத்துல போனச் சார்ஜ்லயே விட்டுட்டுப் போயிட்டா. ஹாஸ்டல் ஆயாதான் எடுத்திருப்பாங்க."

அவர் அந்த மையத்துக்குத் தொலைபேசி எடுத்தார். அங்கிருந்த தாதி பேசினார். கௌசல்யா எனக்குத் திருப்பிச் சொன்னார்: "நல்லா இருக்காளாம் ஆன்ட்டி. வீடு வீடாப் பாக்க ஃபீல்டுக்குப் போயிருக்கா. வந்ததும் பேசச் சொல்றாங்களாம்."

இந்த இடத்தில் நான் நன்றி சொல்லிவிட்டு அமைதியாகியிருக்க வேண்டும். ஆனால் நல்லா இருக்கிறார் என்ற வார்த்தையோடு எங்கள் வீட்டுக்கு ஒரு கணக்குத் தீராமல் இருக்கிறது. என் தம்பியைக் கூட்டிப்போனவர்களும் அதைத்தான் சொன்னார்கள். நல்லா இருக்கிறார், நாளைக்கு விட்டுவிடுவோம். அம்மா அவர்களுடைய முகாமின் வாசலுக்குச் சோற்றுப் பொட்டலம் கொண்டுபோனார். சோற்றை வாங்கிக்கொண்டு, நல்லா இருக்கிறார் என்று சொல்லி அனுப்பினார்கள். பல நாள் அப்படிச் சோறு வாங்கினார்கள். அம்மா கண்ணை மூடும் வரை தம்பியைப் பார்க்கவில்லை. ஆகவே, ஒருவர் நல்லா இருக்கிறார் என்பதை அவரைக் கண்ணால் பார்த்த பிறகுதான் நான் ஏற்பது.

"நான் இப்பவே ஜேடர்பாளையம் போறன்" என்றேன்.

"இந்த பிரஷரோடயா? ரெண்டு பஸ் மாறணும் ஆன்ட்டி. நாளைக்குக் காலைல சென்டர் வண்டி ரத்த சாம்பிள் எடுத்துட்டு இங்க வரும். அதுல அவள வரச் சொல்லிடறேன். இப்ப பெட் இருக்கு, படுங்க."

இப்படித்தான் நான் என் மகளின் மருத்துவமனையில், சங்ககிரி வாசியாக, பெண்கள் பொது வார்டில் நோயாளியானேன்.

பின்னேரம் விடுதி ஆயா என்னைத் தேடி வந்தார். பழனியம்மாள் என்று பெயர். யாரோ விஷயத்தைச் சொல்லியிருக்கிறார்கள். கையில் தர்சிகாவின் தொலைபேசியை மூக்குத்தி டப்பா மாதிரிப் பொத்திப் பிடித்திருந்தார்.

"நான் என்னுங்க தப்பாச் சொல்லிப்போட்டேன்? பொட்டி கட்டித் தாட்டி உட்டோம்னுதானே சொன்னேன்?"

என் கை தானாகக் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டது. சொல்லின் பொருள் தெரிந்த பிறகும் உடம்புக்குத் தெரியவில்லை.

"அய்யோ, மறுக்காச் சொல்லிப்போட்டனே!" என்று வாயைப் பொத்திக்கொண்டார். "நீங்க கூப்புட்டப்ப லைனு தானா அந்துபோச்சுங்க. அப்பறம் போன அலமாரில வெச்சுப் பூட்டிப்போட்டு மாடி கழுவப் போயிட்டேன். பாப்பா சிரிச்சுட்டுத்தாங்க போச்சு. நிக்க நேரமில்லைன்னுது, நாந்தான் மெரட்டி ரெண்டு இட்லி திங்க வெச்சேன். ஒண்ணரை தின்னுச்சு. பாதிய எங்கையில குடுத்துப்போட்டு வண்டிக்கு ஓடிருச்சு."

அந்தப் பாதி இட்லி, தாதி சொன்ன "நல்லா இருக்கிறாள்" என்பதைவிட எனக்குப் பிடித்துக்கொள்ள வசதியாக இருந்தது. என் மகள் சின்ன வயதிலிருந்தே எதையும் முழுதாகச் சாப்பிட்டதில்லை.

ஆனாலும் அன்று அவள் பேசவில்லை. இருட்டுவதற்கு முன் கௌசல்யா வந்து, ஆற்றோரம் ஆடிக் காற்றில் கம்பம் சாய்ந்துவிட்டதாம், மின்சாரம் இல்லை, தொலைபேசிக் கோபுரமும் வேலை செய்யவில்லை என்றார். நான் வந்திருக்கும் செய்தி அவளுக்குப் போய்ச் சேர்ந்ததா என்று கேட்டேன். "தெரியல ஆன்ட்டி" என்றார். பொய் சொல்லாததற்கு அந்தப் பிள்ளையை வாழ்த்தினேன்.

வெள்ளிக்கிழமை காலையில் பாவாயி என் கட்டிலுக்கு வந்தார். கணவருக்குக் கண் அறுவை என்று ஆண்கள் பக்கம் சேர்த்துவிட்டார்களாம். வாழையிலையில் எனக்கு ஒரு பொதி வைத்திருந்தார்.

"மவன் ஊட்ல இருந்து கொண்டாந்தான். சந்தகை. தேங்காப்பால் ஊத்தித் தின்னுங்க."

பிரித்தால் இடியப்பம். எங்கள் வீட்டில் ஒவ்வொரு காலையும் நான் பிழிகிற அதே இடியப்பம். நாங்கள் உறைப்பான சொதிக் குழம்போடு சாப்பிடுவோம், இவர்கள் இனிப்பாகச் சாப்பிடுகிறார்கள். முதல் வாயில் ஏமாற்றமாகத்தான் இருந்தது. முதல்நாள் காலைக்குப் பிறகு நான் ஒன்றும் சாப்பிட்டிருக்கவில்லை என்பது இரண்டாவது வாயில் தெரிந்தது.

"இந்த ஆஸ்பத்திரி நல்லதோ அம்மா?" என்று கேட்டேன்.

"நமக்கென்னுங்க, எங்கவருக்குக் கண்ணு தெரியோணும், அவங்க பசங்களுக்குப் படிப்பு வரோணும். பஸ்சும் சும்மா. எப்பவாச்சும் பெரிய ஆபீசருங்க பாக்க வந்தா மட்டும் ரெண்டு பஸ்சு சேத்தி வரும், முட்டையும் சேத்தி வெப்பாங்க. அன்னிக்கு ஊரே சீக்காளியாயிரும்." சொல்லிவிட்டுத் தானே சிரித்தார்.

சாப்பிட்டு முடிக்கும் முன்பே வெள்ளைக் கோட்டுகள் வந்தன. ஏழெட்டு மாணவர்கள், ஒரு பேராசிரியர். ஒவ்வொருவராக என் வயிற்றைத் தட்டினார்கள், முதுகில் குழல் வைத்தார்கள், இமையை இழுத்துப் பார்த்தார்கள். ஒரு பெண் பிள்ளைக்குக் கை நடுங்கியது. குழல் வைத்த இடம் பிழை என்று பேராசிரியர் அதட்டினார்.

"பரவாயில்லை பிள்ளை, திரும்ப வையுங்கோ" என்றேன்.

தர்சிகாவும் இப்படித்தானே நடுங்கியிருப்பாள். பாவாயியைப் போன்ற எத்தனை பேர் அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, திரும்ப வைக்கச் சொல்லியிருப்பார்கள். ஐந்து வருடமாக நான் நோர்வேக்கு மட்டும்தான் நன்றி சொல்லிக்கொண்டிருந்தேன்.

காலையில் வரும் என்ற வண்டி வரவில்லை. பத்து மணிக்கு வரவில்லை, பதினொன்றுக்கும் வரவில்லை. தாதியிடம் கேட்டேன். "வரும்மா" என்றார். இன்னொரு தாதியிடம் கேட்டேன். "நேத்துப் போனவங்கதானேம்மா, நல்லாத்தான் இருப்பாங்க" என்றார். அவர் ஆறுதலுக்குத்தான் சொன்னார். நான் கட்டிலை விட்டு இறங்கினேன். என்ன நடந்தாலும் அடுத்த பேருந்தில் ஜேடர்பாளையம் போவது என்று பையை எடுத்துக்கொண்டேன். பாவாயி தடுக்கவில்லை. "நானும் கதவு வரைக்கும் வாரேன், இருங்க" என்று கூட நடந்தார்.

கீழே அவசரப் பிரிவின் வாசலில் பரபரப்பாக இருந்தது. சக்கரக் கட்டிலை வெளியே தள்ளிக்கொண்டு இருவர் ஓடினார்கள்.

"என்னுங்க, ஆருக்கு?" என்று பாவாயி கேட்டார்.

"சென்டர் வண்டிங்க. ஜேடர்பாளையத்துல இருந்து வருது. பொம்பளையாளு, சீரியஸாம்."

"ஆரு பொம்பளையாளு?"

"தெரியலீங்க, தள்ளி நில்லுங்க."

பாவாயி என் முழங்கைக்கு மேலே இறுக்கிப் பிடித்தார். வயலுக்கு நடுவே வரும் அந்த நேரான வீதியில், புழுதியைக் கிளப்பிக்கொண்டு ஒரு வெள்ளை வண்டி வருவதைப் பார்த்தபடி நின்றேன். எங்கள் அம்மா அந்த முகாம் வாசலில் இப்படித்தான் நின்றிருப்பார் என்று நினைத்ததாகச் சொன்னால் அழகாக இருக்கும். உண்மையில் நான் ஒன்றும் நினைக்கவில்லை.

வண்டி பின்பக்கமாகத் திரும்பி நின்றது. கதவு திறந்ததும் முதலில் ஒரு குரல்தான் வந்தது.

"சாமி, கண்ணத் தொறங்க. என்னையப் பாருங்க. ஊட்டுக்காரர் பேரென்னுங்க? சொல்லுங்க சாமி, தூங்கக் கூடாது!"

அது என் மகளின் குரல் என்று எனக்கு உடனே பிடிபடவில்லை. அந்தத் தமிழ் இந்த ஊர்த் தமிழாக இருந்தது.

கட்டிலில் படுத்திருந்தவர் ஒரு தோட்டத்துப் பெண். கிழங்குக் காட்டில் பாம்பு தீண்டிவிட்டதாம். இமைகள் தாமாக மூடிக்கொண்டிருந்தன. அவர் முகத்தின் மேல் ஒரு மூடியை வைத்து, ஒரு கையால் ஊதுபையை அமுக்கி அமுக்கி மூச்சுக் கொடுத்தபடி, மறு கையில் மருந்துப் போத்தலைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தபடி, முழங்காலில் நின்றுகொண்டிருந்தாள் தர்சிகா. தலைமயிர் அவிழ்ந்து கிடந்தது. கோட்டு முழுக்கச் செம்மண். உயிரோடு இருந்தாள்.

கட்டிலை இறக்கினார்கள். கூடவே அவளும் குதித்தாள். தாடையைப் பிடிக்க அவளுக்கு இன்னொரு கை தேவைப்பட்டது. சுற்றிப் பார்த்தாள். என்னைக் கண்டாள். அவள் முகத்தில் என்னவோ வந்தது, வந்ததை அப்படியே விழுங்கிக்கொண்டு, போத்தலை என் பக்கம் நீட்டினாள்.

"அம்மா, இதைப் பிடியுங்கோ. நல்லா உயத்தி. என்ன நடந்தாலும் கையை இறக்கிப் போடாதேங்கோ."